கோவளம் முதல் தரங்கம்பாடி வரை: கிழக்குக் கரையில் எந்த ஊரில் இரவு தங்கலாம்?

கடலோர ரிசார்ட்டுக்குப் பணம் கட்டும்போது பெரும்பாலானவர்கள் அறையின் படத்தைத்தான் பார்க்கிறார்கள். நீச்சல் குளம், வெள்ளை மெத்தை, ஜன்னலுக்கு வெளியே நீலம். சென்னையிலிருந்து காரைக்கால் வரை அந்தப் படம் எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஊருக்கு ஊர் மாறுவது படத்தில் வராத விஷயங்கள்: கடலில் கால் வைக்கலாமா, ராத்திரி ஒன்பது மணிக்குச் சோறு கிடைக்குமா, வெயில் ஏறியபிறகு என்ன செய்வது. இந்தக் கரையில் கடலில் குளிப்பதை நம்பி ஊரைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கடலைப் பார்த்து முடித்தபிறகு மீதி நேரத்துக்கு அந்த ஊர் என்ன தருகிறது என்று கேட்டுத்தான் அறை போட வேண்டும். இந்த விமர்சனம் அந்தக் கணக்கில் எழுதப்பட்டது.

முதலில் கடல். கிழக்குக் கரையில் பல இடங்களில் நாலு எட்டு வைத்தாலே தரை சட்டென்று இறங்கிவிடும். அலை கரைக்கு மிக அருகில் வந்து உடையும். திரும்பிப் போகும் தண்ணீர் காலடி மணலை அரித்துக்கொண்டு ஆளையும் இழுக்கும். இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தால் அதுதான் இழுவை உள்ள இடம். விவரம் தெரியாதவர்கள் 'இங்கே அலை இல்லை' என்று குழந்தையோடு இறங்குவதும் அங்கேதான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, பலம் போய்விடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் பகுதிக்கு வந்து, அலையோடு சேர்ந்து கரையேற வேண்டும். கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கருங்கல் கொட்டிய தூண்டில் வளைவுகளை ஒட்டியும், பாறைகளுக்குப் பக்கத்திலும் முழங்காலுக்கு மேல் போகவே வேண்டாம்.

பருவமும் முக்கியம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை கடலும் அடங்கியிருக்கும், வெயிலும் பொறுக்கும். அக்னி நட்சத்திரத்தில் மதியக் கடல்காற்று தாமதமானால் கரையோர ஊரிலும் நிற்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; வார நாள்களில் அறை மலிவாகக் கிடைக்கும், ஆனால் புயல் எச்சரிக்கை வந்தால் பணம் திரும்புமா என்பதை முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இது கிழக்கு பார்த்த கரை. சூரியன் கடலிலிருந்து எழும். மாலையில் முதுகுப் பக்கம் மறையும். மதியம் 2 மணிக்கு உள்ளே விட்டு மறுநாள் 11 மணிக்கு வெளியேற்றும் ரிசார்ட்டில் ஓர் இரவு தங்கினால் கிடைப்பது ஒரே ஒரு விடியல். அதைத் தூங்கிக் கழித்தால் கொடுத்த காசில் பாதி போனது.

மாமல்லபுரம்

வழக்கமாக ஒரு நாள் சுற்றுலாவில் நண்பகல் வெயிலில் பார்த்துவிட்டுத் திரும்பும் ஊர் இது. அப்படிப் பார்ப்பது ஊருக்குச் செய்யும் அநியாயம். சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள்தான் என்றாலும் இங்கே ஓர் இரவு தங்க வேண்டும். காரணம் காலை 6 முதல் 9 வரையிலான மூன்று மணி நேரம்.

கடற்கரைக் கோயில் காலை 6 மணிக்குத் திறக்கிறது. பேருந்துக் கூட்டம் வந்து சேர்வதற்கு முன் உள்ளே இருந்தால், கடலைப் பார்த்து நிற்கும் பெரிய சன்னிதியின் மேல் முதல் வெளிச்சம் விழுவதைப் பார்க்கலாம். இந்தியர்களுக்கு நுழைவுச்சீட்டு 40 ரூபாய். இணையத்தில் எடுத்தால் 35. அதே சீட்டு அன்றைக்கு ஐந்து ரதங்களுக்கும் செல்லும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அங்கிருந்து நேராக அர்ஜுனன் தபசு. அந்தப் பாறையும் கிழக்கு பார்த்தது என்பதால் காலையில் யானைகளின் காதுமடல்கூடத் துல்லியமாகத் தெரியும். மாலையில் முழுப் பாறையும் நிழலில் தட்டையாகிவிடும். யானைக்குக் கீழே தவக்கோலத்தில் நிற்கும் பூனையையும், அதைச் சுற்றியிருக்கும் எலிகளையும் இந்த வெளிச்சத்தில்தான் நிதானமாகப் பார்க்க முடியும். ஐந்து ரதங்கள் அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் போல; எட்டரைக்குள் போய்ச் சேருங்கள். நிழல் இல்லாத மணல் திடல் அது. பத்து மணிக்கு மேல் குழந்தைகளும் வயதானவர்களும் துவண்டுவிடுவார்கள்.

தங்குவதற்கு இரண்டு வழி. ஒன்று, ஊருக்குள் ஒத்தவாடைத் தெருவும் அதன் குறுக்குத் தெருவும். வார நாள்களில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் சுத்தமான ஏசி அறை கிடைக்கும். கோயில், பேருந்து நிலையம், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் நடக்கிற தூரம். எதிரே இருப்பது மீனவர்களின் வேலையிடம் என்பதை மனத்தில் வையுங்கள். படகு, வலை, காயும் கருவாடு, நூலில் சிக்கிய தூண்டில் முள் எல்லாம் மணலில் கிடக்கும். செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. இரண்டாவது வழி, ஊருக்கு வடக்கே சாலையை ஒட்டி வரிசையாக இருக்கும் பெரிய ரிசார்ட்டுகள். தோட்டமும் குளமும் அருமையாக இருக்கும். ஆனால் விடிகாலையில் கோயிலுக்குப் போக ஆட்டோவை முந்தைய இரவே பேசி வைக்க வேண்டும். சிறு குழந்தைகள் இருந்தால் ரிசார்ட், மற்றபடி ஒத்தவாடை என்பதே எங்கள் தீர்ப்பு. சுற்றுலாத் துறை நடத்தும் கடற்கரை விடுதி இரண்டுக்கும் நடுவில். வளாகம் பெரியது, மரங்கள் நிறைய, அறைகளைப் பார்த்தபிறகு முடிவு செய்யுங்கள்.

மாலையில் சிற்பப் பட்டறைகளுக்குப் போகலாம். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. அரசு சிற்பக் கல்லூரி 1957 முதல் இங்கே இயங்குகிறது. வாங்கும்போது ஒரே ஒரு சோதனை போதும். சிலையின் அடிப்பகுதியில், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, சாவியால் லேசாகக் கீறிப் பாருங்கள். வெள்ளையாகக் கோடு விழுந்து மாவு உதிர்ந்தால் மாக்கல். கோடு விழாமல் சாவியின் உலோகத் தடம் மட்டும் பதிந்தால் கருங்கல். மாக்கல் மோசமில்லை, நுணுக்கமான வேலை அதில்தான் வரும். ஆனால் எண்ணெய் பூசிக் கறுப்பாக்கி, கருங்கல் விலைக்கு விற்பவர்களும் உண்டு.

டிசம்பர் கடைசி, ஜனவரியில் நாட்டிய விழா நடக்கும் நாள்களில் அறை விலை ஏறும். டிசம்பர் 31 அன்று பெரிய ரிசார்ட்டுகள் பலவற்றில் இரவு விருந்துக் கட்டணத்தை அறை வாடகையோடு கட்டாயமாகச் சேர்ப்பார்கள். தலைக்கு இவ்வளவு என்று வரும் அந்தத் தொகையை முன்கூட்டியே கேளுங்கள்.

கோவளம்

சென்னைக்கு மிக அருகில் இருப்பதாலேயே இங்கே இரவு தங்கத் தேவையில்லை. அலைச்சறுக்கு கற்பதற்காக என்றால் மட்டும் வாருங்கள். அதற்கு இது நல்ல ஊர். வகுப்பில் சேரும்போது ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், பலகையும் மேலாடையும் கட்டணத்தில் அடக்கமா, அலை சரியில்லை என்றால் வேறு நாள் தருவார்களா என்ற மூன்றையும் கேட்க வேண்டும். கோவளம் கடற்கரை, சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றை 2021-இல் பெற்றது. உயிர்காப்பாளர், உடை மாற்றும் அறை, குளிக்க எல்லை குறித்த பகுதி ஆகியவை அந்தச் சான்றுக்கான நிபந்தனைகள். சனி, ஞாயிறு மாலையில் திரும்பும் சாலை நெரிசல் கொடுமை; விடியலில் வந்து பத்து மணிக்குக் கிளம்பிவிடுங்கள்.

அறை எடுக்கும் முன்

'பீச் ஃப்ரண்ட்' என்று எழுதியிருந்தாலும் அறையிலிருந்து இறங்கினால் மணல் என்று நினைக்காதீர்கள். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991 பிப்ரவரியில் வந்தது. அதற்குப் பிறகு, வளர்ச்சியடையாத கிராமப்புறக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது ஓதம் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை இருந்தது. 2019 அறிவிக்கை சில இடங்களில் அதைத் தளர்த்தியது. ஆகவே கடலைத் தொட்டுக்கொண்டு நிற்கும் கட்டடம் பெரும்பாலும் பழையதாக இருக்கும். புதிய ரிசார்ட்டில் இடையே புல்வெளியோ சவுக்குத் தோப்போ இருக்கும். எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய கட்டடத்தில் அலைச் சத்தம் கட்டில் வரை வரும். கூடவே துருவும் வரும்.

அறைக்குள் போனதும் பார்க்க வேண்டியவை: ஏசி வெளிப்பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்திலிருந்து சுவரில் பழுப்புக் கோடு வழிந்திருக்கிறதா, பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா, கொசுவலைச் சட்டத்தின் மூலையில் ஓட்டை இருக்கிறதா. உப்புக்காற்றில் முதலில் கெடுவது இவைதான், பராமரிப்பு எப்படி என்பதை இவையே சொல்லிவிடும். குளியலறைக் குழாயில் சோப்பு நுரைக்காவிட்டால் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். கேட்டால் பல இடங்களில் ஒரு வாளி நல்ல தண்ணீர் தருவார்கள். 'கடல் தெரியும் அறை' என்றால் கட்டிலிலிருந்து தெரியுமா, பால்கனியில் கழுத்தை நீட்டினால்தான் தெரியுமா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.

வரிக் கணக்கும் கவனிக்க வேண்டியது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. அதாவது 7,400 ரூபாய் அறைக்கு மொத்தம் 7,770 ஆகும். 7,600 ரூபாய் அறைக்கு 8,968. இருநூறு ரூபாய் வித்தியாசம் என்று நினைத்து எடுத்தால் கிட்டத்தட்ட ஆயிரத்து இருநூறு கூடுதலாகும்.

மீன் சாப்பிடப் போகிறவர்களுக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில் பெரிய வஞ்சிரம் தட்டில் வந்தால் அது ஐஸில் இருந்ததாகவோ மேற்குக் கரையிலிருந்து வந்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம், விலையும் ஏறியிருக்கும். சிறு படகுகள் கரையோரத்தில் தொழில் செய்வதால் நெத்திலி, சங்கரா, காரப்பொடி மாதிரி மீன்கள் புதிதாகவே கிடைக்கும். தடைக்காலத்தில் அவற்றைக் கேளுங்கள். ருசியில் குறையே இருக்காது.

மீனை மேசைக்குக் கொண்டுவந்து காட்டும் கடைகளில் விலை கிலோவுக்கா, உருப்படிக்கா என்று முதலில் தெளிவாக்குங்கள். எடை போடுவது சுத்தம் செய்வதற்கு முன்பா பின்பா என்பதும் முக்கியம். தலை, குடல், செதில் போனபின் கணிசமாகக் குறையும். சமையல் கூலி தனியா என்று கேளுங்கள். செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அமுக்கினால் குழி எழும்பி நிரம்புகிறதா என்று பார்த்தபிறகே தலையாட்டுங்கள். தகராறு வருவதெல்லாம் பில்லில்தான், அது பேசாமல் விட்டதால் வருவது.

புதுச்சேரி

இரண்டு இரவு தங்கத் தகுந்த ஊர் இந்தப் பாதையில் இது ஒன்றுதான், அதுவும் திங்கள் முதல் வியாழன் வரை. வெள்ளி மாலைக்குமேல் அறை வாடகை ஏறி, தெருவெல்லாம் வண்டியாகிவிடும்.

கடற்கரைச் சாலை ஒன்றரை கிலோமீட்டர் நீளம். மாலை 6 மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. ஊரின் மிகச் சிறந்த வசதி அதுதான், அதற்குக் காசும் கிடையாது. விடிகாலை ஐந்தரைக்குப் போனால் நடப்பவர்களும் காற்றும் மட்டும்தான். ஆனால் கருங்கல் கொட்டிய இந்தக் கரையில் குளிக்க நினைக்காதீர்கள். இங்கே ஒரு காலத்தில் அகலமான மணற்கரை இருந்தது. இந்தக் கடலில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும். 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்குப் போட்ட கல் அணைகள் அந்த நகர்வைத் தடுத்ததால் தெற்கே மணல் குவிந்து, வடக்கே ஊருக்கு முன்னால் அரித்துப்போனது. தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தண்ணீருக்கடியில் ஆப்பு வடிவ எஃகு அமைப்பை இறக்கியபிறகு, தலைமைச் செயலகப் பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. உட்காரவும் நடக்கவும் அது அழகான இடம். கல்லும் இழுவையும் போய்விடவில்லை.

தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் தெற்கே சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்குப் போங்கள். 2021-இல் நீலக்கொடி பெற்றது, குளிக்கும் பகுதி குறிக்கப்பட்டிருக்கும். சுண்ணாம்பாறு படகுக் குழாமிலிருந்து படகில் போகும் பாரடைஸ் கடற்கரை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்பதிலேயே அரை நாள் போய்விடும். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேளுங்கள். முகத்துவாரத்தை ஒட்டி இறங்கவே கூடாது.

வாடகை ஸ்கூட்டர் எடுப்பவர்கள் எண் பலகையைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் முறையாக வாடகைக்குப் பதிந்த வண்டி. வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோக வண்டி. விபத்து நடந்தால் காப்பீட்டில் சிக்கல் வரும், போலீஸ் நிறுத்தினாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். எடுக்கும் முன் நாலு பக்கமும் கீறல்களை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அசல் ஓட்டுநர் உரிமத்தை அடமானமாகக் கொடுக்க வேண்டாம்.

அமைதியாகக் கடலோரம் தங்க விரும்பும் குடும்பங்களுக்கு அரவிந்தர் ஆசிரம விருந்தினர் இல்லங்கள் நல்ல தேர்வு. மது, புகை கூடாது, இரவில் குறித்த நேரத்துக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அந்த ஒழுங்கு பிடிக்குமானால் அந்த வாடகைக்கு அப்படியொரு கடல் பார்த்த இடம் ஊரில் வேறு கிடைப்பது கடினம்.

தரங்கம்பாடி

புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக ஏறத்தாழ 120 கிலோமீட்டர், மூன்று மணி நேரப் பயணம். இந்தப் பாதையில் மனத்துக்கு மிக நெருக்கமான ஊர் எது என்றால் தயங்காமல் இதைச் சொல்வோம். ஆனால் ஏற்பாடில்லாமல் போனால் மிக அதிகம் ஏமாற்றும் ஊரும் இதுதான்.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-இல் ஆங்கிலேயர்களுக்கு விற்கும்வரை ஊர் அவர்களிடம் இருந்தது. 1706 ஜூலையில் இங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அச்சேற்றிய தமிழ்ப் புதிய ஏற்பாடு இந்த ஊரில்தான் பிறந்தது. அவர் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஊர் வாசலாக நிற்கும் நுழைவாயிலிலிருந்து ராஜ வீதியில் கோட்டை வரை மெதுவாக நடந்தால் கால் மணி நேரம் ஆகும். வழியில் ஆலயம், பங்களாக்கள், மரநிழல். சுனாமிக்குப் பிறகு சீரமைத்த திண்ணை வீடுகளைத் தட்டார் தெருவில் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சின் வழவழப்பும், ஓட்டுச் சரிவைத் தாங்கும் மரத் தூணும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். உள்ளே ஆள்கள் குடியிருக்கிறார்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

கோட்டை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை பூட்டியிருக்கும். வார நாளில் கூட்டமில்லாமல் பார்க்கலாம் என்று வெள்ளியன்று வந்து நிற்பவர்கள் நிறைய. கரையில் உள்ள மாசிலாமணி நாதர் கோயில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. அதனாலேயே இங்கே குளிக்கக் கூடாது. தண்ணீருக்கடியில் செங்கல்லும் கட்டட இடிபாடும் கிடக்கின்றன, காலில் என்ன தட்டும் என்று சொல்ல முடியாது.

தங்குவதற்குப் பழைய ஆட்சியர் பங்களாவைச் சீரமைத்து நீம்ரானா குழுமம் நடத்தும் 'பங்களா ஆன் தி பீச்' முதல் தேர்வு. சுற்றிலும் ஓடும் அகன்ற வராந்தாவில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எதிரே கோட்டையும் கடலும். அறைகள் மிகக் குறைவு, அதனால் வார இறுதிக்குப் பல வாரம் முன்பே பேச வேண்டும். கடல் பார்த்த அறைக்கும் பின்பக்க அறைக்கும் உள்ள வித்தியாசம் இங்கே மற்ற ஊர்களைவிட அதிகம். கூடுதல் காசு கொடுத்தாலும் முன்பக்கமே எடுங்கள்.

சாப்பாடுதான் இடறும் இடம். கோட்டைப் பகுதிக்குள் உணவகம் என்று சொல்லத்தக்கவை சொற்பம். விடுதியில் இரவுச் சாப்பாடு வேண்டுமென்றால் மதியமே சொல்லிவிடுங்கள். மீன் வாங்கி வரவே அவர்களுக்கு நேரம் வேண்டும். இல்லையென்றால் பேருந்து நிறுத்தம் பக்கம் உள்ள சிறு கடைகளில் எட்டரை மணிக்குள் இட்லி, புரோட்டா. அதற்கும் மேல் என்றால் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி காரைக்காலுக்குத்தான் போக வேண்டும். குழந்தைக்குப் பால், மாத்திரை, கொசுவத்தி, பணம் எல்லாவற்றையும் வழியில் சீர்காழியிலோ மயிலாடுதுறையிலோ வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மலிவான அறை தேடுபவர்கள் ஏழெட்டு கிலோமீட்டரில் உள்ள திருக்கடையூரைப் பார்ப்பார்கள். அங்கே அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் ஆண்டு முழுக்க நடக்கின்றன. ஒரே குடும்பம் பத்துப் பதினைந்து அறைகளை மொத்தமாக எடுத்துவிடும். விடிகாலை மூன்று, நான்கு மணிக்கே ஹோமத்துக்கு எழுந்து கிளம்பும் சத்தத்தில் தூக்கம் கலையும். தை அமாவாசையன்று அபிராமிக்குக் கூடும் கூட்டத்தில் அறை என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தத் தேதியை நாள்காட்டியில் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள்.

ரயிலில் வருபவர்கள் மயிலாடுதுறையில் இறங்க வேண்டும். தரங்கம்பாடிக்கு இருந்த ரயில் பாதை 1986-இல் மூடப்பட்டுவிட்டது. மயிலாடுதுறையிலிருந்து முப்பது கிலோமீட்டர் பேருந்தில் வந்து, சாலையில் இறங்கி நுழைவாயில் வழியாக உள்ளே நடக்கலாம். மூட்டை அதிகம் என்றால் மட்டும் ஆட்டோ வையுங்கள். இரவு தாமதமாக இறங்குவதாக இருந்தால் ஆட்டோவை விடுதியிலேயே சொல்லி நிலையத்துக்கு வரவழைத்துக்கொள்ளுங்கள்.